பம்பு என்ன சொல்லுதுன்னு பாத்தியா, கண்ணு?

கொட்டகையிலிருந்து வாங்கி வந்த பழைய ஜெட் ஸ்கியின் பின்பக்கத் தகட்டில் படிந்திருந்த அழுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தபோது முதலில் தெரிந்தது கே, ஏ, டபிள்யூ என்ற மூன்று எழுத்துகள். கவாசாகியின் குறியீடு அது. கடைசி இரண்டு இலக்கம் 86. அமெரிக்காவில் விற்கும் படகு ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் உண்டு. அதன் கடைசி இரண்டு இலக்கத்தில் மாடல் வருடம் இருக்கும். ஆக, என் கராஜில் நிற்பது 1986 மாடல் ஜே.எஸ். 440. நான் குடியிருக்கும் இதே ஊரில் செய்த வண்டி.

நான் இருப்பது நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரம். நாட்டின் நட்ட நடுவில் சோளக்காட்டுக்குள் இருக்கிற ஊர். எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க ஓட்டினாலும் போதாது. அப்படிப்பட்ட ஊரில்தான் கவாசாகி 1974-இல் ஆலை போட்டது. மறு வருடமே ஜெட் ஸ்கி அங்கே தயாரானது. இன்று நியூயார்க் சுரங்க ரயிலின் பெட்டிகள் கூட அங்கே தயாராகின்றன. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எத்தனையோ முறை அந்தப் பக்கம் கடந்திருக்கிறேன். அந்த ஆலையின் பழைய பிள்ளை ஒன்று என் வீட்டுக்கே வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

ஜெட் ஸ்கி என்றதும் முட்டுக்காட்டில் உட்கார்ந்து ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டர் பலருக்கும் ஞாபகம் வரும். இது அதுவல்ல. இதில் சீட் கிடையாது. முன்மூக்கில் கீல் வைத்துப் பொருத்திய நீண்ட தண்டு, அதன் நுனியில் ஹேண்டில்பார். பின்னால் தொட்டி மாதிரி ஒரு குழி. அதில் முட்டி போட்டுக் கிளம்பி, வேகம் பிடித்ததும் எழுந்து நிற்க வேண்டும். நின்றுகொண்டே உடம்பைச் சாய்த்துத் திருப்ப வேண்டும். மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த கிளேட்டன் ஜேக்கப்சன் என்பவரின் யோசனை இது. 1973-இல் கவாசாகி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 440 மாடல் 1977-இலிருந்து 1992 வரை, பெரிய மாற்றம் ஏதும் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு வண்டி பதினைந்து வருடம் அப்படியே ஓடுகிறது என்றால் அதைச் செய்தவர்கள் முதல் தடவையே ஏதோ சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதை மால்கம் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையிலிருந்து 250 டாலருக்கு வாங்கினேன். செப்டம்பர் மாதம். "ஓடிச்சு, ஆனா ரொம்ப வருஷம் ஆச்சு" என்றார் விற்றவர். என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பிரான்ச்டு ஓக் ஏரியில் யாரோ ஒருவர் நின்று ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்தக் கோடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் வாங்கினேன். எனக்காகவும்தான்.

வாங்கி வந்த அன்று இரவே ஒரு காகிதத்தில் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். இந்த வண்டிகளில் கை வைக்கிற எல்லோரும் யோசிக்கிற பட்டியல்தான் அது. 440 எஞ்சினைத் தூக்கிவிட்டு 550 வைக்கலாம். 436 சி.சி.க்குப் பதில் 531 சி.சி. இரண்டுக்கும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஒன்றே, 60 மி.மீ.; விட்டம் மட்டும் 68-லிருந்து 75 ஆகிறது. ஒரே குடும்பத்து எஞ்சின். இன்னும் ஆசை இருந்தால் 650 வைக்கலாம். 635 சி.சி., உள்ளே போன கலவையைத் திரும்ப விடாத ரீட் வால்வு வைத்தது, கீழ் வேகத்திலேயே நல்ல இழுவை. அதை வைக்கத் தனியாகத் தாங்கு தகடு வேண்டும், எஞ்சினைப் பம்பு ஷாஃப்ட்டோடு இணைக்கும் கப்ளிங் மாற்ற வேண்டும், சைலன்சர் வழி மாறும். இதுவரைக்கும் பலர் செய்த வேலை, வழி தெரிந்த வேலை. 743 சி.சி. 750-ஐக் கூட இதில் திணித்தவர்கள் உண்டு. கூடவே பெரிய மிகுனி கார்புரேட்டர், சீவிய ஹெட், புது எக்சாஸ்ட். பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போனது.

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எழுதியதில் பாதிக்கு மேல் நான் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதைத்தான் விவரமாக எழுத நினைத்தேன். பழைய ஸ்டாண்ட்-அப் வண்டியைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் செய்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்ததுதான். ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி, பிளக் ஒயர்களை எர்த் பண்ணிவிட்டு, கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுக்கப் பிடித்துக்கொண்டு, முள் நிற்கும் வரை ஸ்டார்ட்டரை ஓட்டினேன். பின்பக்க சிலிண்டர் 118 பி.எஸ்.ஐ. முன்பக்கம் 96. டூ ஸ்ட்ரோக்கில் இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே ஏதோ ஆகியிருக்கிறது. இங்கே கிட்டத்தட்ட இருபது. சரி, பிஸ்டன், ரிங் போட்டால் முடிந்தது என்று நினைக்கத்தான் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஊரில் யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். வண்டி சீஸ் ஆகும், ரீபோர் போடுவார்கள், நன்றாக ஓடும், இரண்டு மாதத்தில் மறுபடி சீஸ் ஆகும். மெக்கானிக்கைத் திட்டுவார்கள். பல நேரம் குற்றவாளி, பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் ஓரத்தில் இருக்கும் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு கிராங்க் கேஸும் ஒரு பம்புதான். பெட்ரோலும் காற்றும் முதலில் அங்கே போய்த்தான் மேலே வரும். சீல் வழியாக வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே புகுந்தாலும் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையில் சூடு ஏறும். கலவையில் இருக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் எண்ணெய், அதுவும் சேர்ந்து குறைகிறது. அப்புறம் பிஸ்டன் சுவரோடு ஒட்டுகிறது.

அதனால் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் காற்றுச் சோதனை செய்தேன். இதற்கென்று விற்கும் கருவி என்னிடம் இல்லை. வீட்டில் பி.பி. பார்க்கும் பழைய கருவி ஒன்று இருந்தது. கைப்பட்டையைக் கழற்றிவிட்டு அதன் ரப்பர் பல்பையும் கேஜையும் எடுத்துக்கொண்டேன். அந்தக் கேஜில் 300 என்பது ஏறக்குறைய 5.8 பி.எஸ்.ஐ. இந்த வேலைக்குச் சரியான அளவு. அதற்கு மேல் அடித்தால் நல்ல சீலே பிய்ந்துகொள்ளும். கார்புரேட்டர் இருந்த வாயையும் எக்சாஸ்ட் வாயையும் ரப்பர் ஷீட் வைத்து, மேலே தகடு போட்டு இறுக்கி மூடினேன். முன்பக்க பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பிளக் ஓட்டை வழியாகக் காற்று அடித்தேன். முள் 300-ஐத் தொட்டது. கையை எடுத்ததும் இறங்க ஆரம்பித்தது. ஒரு நிமிடத்தில் 180.

பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி, ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் எல்லா இடத்திலும் தடவினேன். ஹெட் கேஸ்கெட்டில் ஒன்றுமில்லை. சிலிண்டர் அடியில் ஒன்றுமில்லை. முன்பக்கத்து மேக்னட் மூடியைத் திறந்து, புல்லர் போட்டு ஃப்ளைவீலை உருவி எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றித் தடவினேன். மறுபடி பல்பை அமுக்கினேன். முதலில் கடுகளவு ஒரு குமிழ். அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஷாஃப்ட்டைச் சுற்றி அரைவட்டமாகக் குமிழ்கள் வரிசையாக எழும்பி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, சத்தமே இல்லாமல் உடைந்தன. மகள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "இதுதானா அது?" என்றாள். அதுதான். முன்பக்க சீல். அந்தப் பக்கத்து சிலிண்டர்தான் 96 காட்டியது.

அந்த நிமிடத்தில்தான் என் பட்டியலில் முதல் வரி மாறியது. இந்தச் சோதனை செய்யாமல் புது பிஸ்டன் போட்டிருந்தால், அதே சீல் புது பிஸ்டனையும் சாப்பிட்டிருக்கும். இதே சோதனையைச் செய்யாமல், எப்போது யார் திறந்தார்கள் என்றே தெரியாத பழைய 650 எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால், நாற்பது வருடத்துப் பிரச்சினை ஒன்றை விட்டு முப்பது வருடத்துப் பிரச்சினை ஒன்றை விலைக்கு வாங்கியிருப்பேன்.

ஹெட்டைக் கழற்றியபோது எதிர்பார்த்ததே இருந்தது. முன்பக்க பிஸ்டனில் எக்சாஸ்ட் பக்கமாக நகக்கீறல் மாதிரி நீளக் கோடுகள், சுவரிலும் அதே கோடுகள். விரல் நகத்தை வைத்து இழுத்தால் மாட்டியது. நகம் மாட்டினால் லேசாகத் தேய்த்து எடுக்கும் ஹோனிங் மட்டும் போதாது, சுவரைக் கடைந்து பெரிதாக்கி போர் பண்ணித்தான் ஆக வேண்டும். நல்ல செய்தி கிராங்க்கில் இருந்தது. கேஸைப் பிரித்து, வி-பிளாக்கில் ஷாஃப்ட்டை வைத்து டயல் கேஜில் சுற்றிப் பார்த்தேன். நுனியில் ஆட்டம் 0.03 மி.மீ. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தேன், தட்டல் இல்லை. பேரிங் சத்தமில்லாமல் சுற்றியது. கிராங்க் நன்றாக இருக்கும் எஞ்சின் ஓட விரும்பும் எஞ்சின். அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையில் ஒரு வார இறுதியில் அப்பாவிடம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கோயம்புத்தூரில், கணபதியில், நாற்பது வருடம் பம்பு வேலை பார்த்தவர். மோனோபிளாக், கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள் எல்லாம் அவர் கைக்கு அத்துப்படி. நான் 550 வைப்பதா 650 வைப்பதா என்று அவரிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஏங்கண்ணு, மோட்டார மாத்தறேன் மோட்டார மாத்தறேன்னு இவ்வளவு நேரமா சொல்றியே, பம்பு என்ன சொல்லுதுன்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

"தண்ணிய தள்றது பம்புதானே? அது தேஞ்சு கெடந்தா நீ பத்து ஹெச்.பி. போட்டாலும் இருவது போட்டாலும் உள்ளயே சுத்தீட்டுக் கெடக்கும். இம்பெல்லருக்கும் கேசுக்கும் எவ்வளவு சந்துன்னு மொதல்ல கேஜ் வெச்சுப் பாரு சாமி."

எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருந்தேன். எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஜெட் ஸ்கியை வாழ்நாளில் தொட்டுப் பார்க்காத என் அப்பா ஒரு நிமிடத்தில் அடிப்படைக்குப் போய்விட்டார். உண்மையில் இந்த வண்டி என்ன? மிதக்கும் ஒரு பம்புசெட். எஞ்சின் சுற்றுகிறது, கப்ளிங், ஷாஃப்ட், கடைசியில் பம்புக்குள் சுற்றும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர். அடியில் உள்ள சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் சின்ன வாய் வழியாகப் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலில்தான் வண்டி போகிறது, அந்த வாயைத் திருப்பித்தான் வண்டி திரும்புகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்கூட அதே பம்பிலிருந்துதான் வருகிறது. பம்பு சரியில்லை என்றால் வேகமும் போகும், எஞ்சினும் சூடாகும்.

அன்று மாலையே அடியில் படுத்துக்கொண்டு சல்லடையைக் கழற்றி, ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் 0.7 மி.மீ. நன்றாக இருக்கும் பம்பில் 0.3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இம்பெல்லரின் விளிம்புகள் மணலும் கல்லும் தின்று ரம்பப் பல் மாதிரி ஆகியிருந்தன. அலுமினிய இம்பெல்லர், விரலால் தடவினால் ஓரம் மடிந்திருந்தது தெரிந்தது. கேஸின் உட்சுவரில் கோடுகள் இருந்தன, ஆனால் ஆழமில்லை. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "கேஸ் பொழச்சுக்கும். இம்பெல்லர மாத்திரு" என்று பதில் வந்தது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இம்பெல்லர் வாங்கினேன். பட்டியலில் நான் மனப்பூர்வமாகப் பணம் செலவழித்த முதல் அப்கிரேட் அதுதான். அதிலும் பிட்ச், அதாவது இறக்கைகளின் சாய்வு, குறைவானதைத் தேர்ந்தெடுத்தேன். பிட்ச் அதிகமாக இருந்தால் நேர்கோட்டில் வேகம் கூடும், ஆனால் கிளம்பும்போது எஞ்சின் திணறும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு வேண்டியது முட்டியிலிருந்து எழுந்து நிற்கும் அந்த முதல் சில நொடிகளில் வண்டி அடியில் திடமாகத் தள்ளிக்கொண்டு போவது. வேகம் குறைந்தால் நிலை தடுமாறும். இந்த வண்டி ஓடும்போதுதான் நிற்கும், நின்றால் சாயும்.

650 ஆசை அப்போதும் முழுக்கப் போகவில்லை. அதை விட்டது ஓட்டிப் பார்த்த பிறகுதான். அக்டோபர் முதல் வாரம், தண்ணீர் ஜில்லென்று ஆகிவிட்டிருந்தது. நண்பர் ஒருவர் இதே ஜே.எஸ். கட்டுமானத்தில் 650 வைத்திருக்கிறார். பானி ஏரிக்குக் கொண்டு வந்து என்னை ஓட்டச் சொன்னார். இழுவை என்றால் அப்படி ஒரு இழுவை. கை தோளிலிருந்து கழன்றுவிடும் போல இருந்தது. நேராகப் போகும்போது மட்டும் முன்மூக்கு தவளை மாதிரி தத்தித் தத்தித் துள்ளியது. சின்ன அலையில்கூட. நண்பருக்கு அது பழகிவிட்டது, உடம்பை முன்னால் தள்ளிச் சமாளிக்கிறார். அவருடைய வேலை மிகச் சுத்தமான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த எஞ்சினுக்கு அந்த மேனி, அதாவது படகின் உடற்கூடு, சின்னது, அவ்வளவுதான். மேனியைச் சமாளிக்க அடித்தகடு மாற்ற வேண்டும், சல்லடை மாற்ற வேண்டும், பம்பையும் மாற்றினால் நல்லது. ஒரு மாற்றம் நான்கு மாற்றத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. என் மகளை அதில் ஏற்றி அனுப்புவதை நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

புதிதாக வாங்கிவிடலாமே என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கவாசாகி 2017 மாடலிலிருந்து தயாரிக்கும் எஸ்.எக்ஸ்.-ஆர். 1,498 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக், எடை 250 கிலோ. யமஹா சூப்பர்ஜெட்டும் 2021 மாடலில் ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. புகையும் குறைவு, பெட்ரோலும் மிச்சம், காலையில் ஒரே அழுத்தில் ஸ்டார்ட். அவற்றின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த 440 நூறு கிலோவுக்குச் சற்று மேல். நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரையில் நகர்த்திவிடுகிறோம். விழுந்தால் அவளே புரட்டி நிமிர்த்திக்கொள்ள முடிகிறது. இந்த எடையில் ஒரு வண்டியை இந்த இரண்டு கம்பெனியும் இன்று புதிதாகச் செய்து தருவதில்லை. எனக்கு இதைப் பிழைக்க வைக்கத் தோன்றியதற்கு அது பெரிய காரணம்.

ஆக முடிவு இதுதான்: எஞ்சின் அதேதான், ஆனால் முழுக்கப் பிரித்துக் கட்டுவது. 0.5 மி.மீ. ஓவர்சைஸ் போர், அதாவது 68.5. இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்துத்தான்; ஒன்றுக்கு மட்டும் போட்டால் இரண்டும் ஒத்துப் போகாது. பிஸ்டன் வாங்கும்போது வார்ப்பு பிஸ்டனா ஃபோர்ஜ்டு பிஸ்டனா என்று யோசித்தேன். ஃபோர்ஜ்டு பலமானது, ஆனால் சூட்டில் அதிகம் விரியும், அதனால் சந்து கூடுதலாக விட வேண்டும், ஒவ்வொரு முறையும் நன்றாகச் சூடேறிய பிறகுதான் விரட்ட வேண்டும். பதினைந்து வயதுப் பெண் ஏரியில் இறங்கியதும் பொறுமையாகச் சூடேற்றுவாள் என்று எதிர்பார்க்க முடியாது. வார்ப்பு பிஸ்டன் போட்டேன். லேத்காரரிடம் போர் பண்ணிய பிறகு, சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் துளைகளின் விளிம்புகளை மழுக்கித் தரச் சொன்னேன். கூர்மையாக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். சீல் எல்லாம் புதிது, கேஸ்கெட் எல்லாம் புதிது. கட்டி முடித்ததும் மறுபடி பி.பி. பல்பை மாட்டினேன். 300. ஐந்து நிமிடம் கழித்தும் 300. டிசம்பர் மாதம் அது, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஹெட்டைச் சீவவில்லை. கம்ப்ரஷன் ஏற்றினால் உயர் ஆக்டேன் பெட்ரோல் தேட வேண்டும், சூடும் ஏறும். எக்சாஸ்டையும் தொடவில்லை.

மேனி வேலைக்கு ஏப்ரல் வரை காத்திருந்தேன். இங்கே குளிர்காலத்தில் கராஜுக்குள்ளேயே தண்ணீர் உறையும். அந்தக் குளிரில் எப்பாக்ஸி இறுகாது. இந்த மேனி சாதாரண ஃபைபர் படகு மாதிரி கையால் அடுக்கிச் செய்ததல்ல. கண்ணாடி நாரும் ரெசினும் கலந்த தகட்டை அச்சில் வைத்து, சூட்டில் அழுத்திச் செய்தது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் இதில் சரியாகப் பிடிக்காது, சில நாளில் தகடாக உரிந்து வரும். எப்பாக்ஸிதான் பிடிக்கும். முன்மூக்கின் அடியில் இருந்த விரிசலை யாரோ ஏற்கெனவே பாலியஸ்டரால் ஒட்டியிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரை நுழைத்ததும் மொத்தமாகக் கழன்று வந்தது. அதன் பின்னால் இருந்த நுரையை வெட்டி எடுத்தபோது ஈரம். கையில் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. அரை வாளி தண்ணீரை இந்த வண்டி எத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருந்ததோ. எஞ்சினில் கூடுதல் சி.சி. தேடிக்கொண்டிருந்தேன், வேகத்தைத் தின்றுகொண்டிருந்தது மூக்குக்குள் இருந்த தண்ணீர். நனைந்த நுரையை முழுக்க எடுத்து, உள்ளே ஒரு வாரம் ஃபேன் வைத்து உலர்த்தி, தண்ணீர் உறிஞ்சாத நுரை வைத்து நிரப்பினேன். நுரையை எடுத்துவிட்டு எடை குறைந்தது என்று அப்படியே விடக் கூடாது. தண்ணீர் புகுந்தால் வண்டியை மிதக்க வைப்பது அதுதான்.

மற்ற செலவில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காதது ஒன்றே ஒன்று. அந்தக் காலத்து வண்டிகளில் ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் நிற்காது. மெதுவாக வட்டமடித்துத் திரும்பி வரும்படி வைத்திருந்தார்கள். என் வண்டியில் மணிக்கட்டோடு கட்டும் கயிற்று சுவிட்ச் இல்லை. 40 டாலருக்கு ஒன்று வாங்கி மாட்டினேன். விழுந்தால் கயிறு உருவும், எஞ்சின் நிற்கும். மகள் ஓட்டும் வண்டி இது. இது இல்லாமல் தண்ணீரில் இறக்குவதில்லை என்று வாங்கிய அன்றே முடிவு செய்திருந்தேன்.

பெட்ரோல் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நெப்ராஸ்கா சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் மாநிலங்களில் முன்வரிசையில் இருப்பது. பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது பத்து சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டயாஃப்ரத்தையும் பைப்பையும் கெடுக்கும். நம் ஊரில் இ20 வந்த பிறகு ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் படும் கவலையும் இதேதான். கார்புரேட்டருக்குப் புது டயாஃப்ரம் கிட், புது பைப், தண்ணீர் பிரிக்கும் ஒரு ஃபில்டர் போட்டேன். எத்தனால் இல்லாத பெட்ரோல் விற்கும் பங்கில் மட்டும் நிரப்புகிறேன். ஆயில் 40-க்கு 1. ஐந்து கேலனுக்கு 16 அவுன்ஸ்.

மே மாதம் முதல் ஸ்டார்ட். தோட்டத்துக் குழாயை மாட்டி ஓட்டும்போது ஒரு ஒழுங்கு உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது தண்ணீரை மூடிவிட்டுத்தான் எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் எக்சாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். மகள் குழாயடியில் நின்றாள், நான் பட்டனில் விரல் வைத்தேன். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. நீலப் புகை, அந்த வாசனை. ஒரு நொடி கணபதியில் அப்பாவின் பட்டறை வாசலில் நின்றேன். பக்கவாட்டில் இருந்த சின்னத் துளையிலிருந்து தண்ணீர் மெல்லிய நூலாகப் பீய்ச்சியது. உள்ளே குளிர்நீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம் அது.

ஏரியில் இறக்கிய முதல் நாள் எல்லாம் சரியாக இல்லை. த்ராட்டிலைப் பிடித்தால் எஞ்சின் வீறிட்டது, வண்டி நகர மறுத்தது. திடீரென்று பிடித்து இழுத்தது, மறுபடி வீறிட்டது. புது இம்பெல்லர், புது பிஸ்டன், எல்லாம் போட்டும் இப்படியா என்று கரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். மகள் அவள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். காலையில் ஒரு ஆடியோ வந்திருந்தது.

"அது காத்து வாங்குது கண்ணு. ஃபுட் வால்வுக்கிட்ட காத்து வாங்குனா மோட்டார் வீறு வீறுன்னு சுத்தும், தண்ணி வராது. அதே சத்தம். பம்ப மேனியோட சேக்கற எடத்துல எங்கியோ சந்து இருக்குது, பாரு."

பம்பின் உறிஞ்சும் வாயும் மேனியும் சேருகிற இடத்தில் இருந்த பழைய சீலை நான் மாற்றியிருக்கவில்லை. பார்வைக்கு நன்றாக இருந்தது. கழற்றி எடுத்து வளைத்துப் பார்த்தேன், ஒரு மூலையில் கட்டெறும்பு நுழையும் அளவுக்கு வெடிப்பு. புது சீல், சுற்றிலும் கடல் வேலைக்கான சிலிக்கோன், ஒரு நாள் முழுக்கக் காய விட்டோம்.

அடுத்த சனிக்கிழமை வீறிடல் இல்லை. முதல் டாங்க் முழுக்க அரை த்ராட்டிலுக்கு மேல் போகாமல், ஏற்றி இறக்கி நானே ஓட்டினேன். அப்புறம் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கி, கயிற்றை மணிக்கட்டில் கட்டி, மகள் இறங்கினாள். பதினோரு முறை விழுந்தாள், எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் எஞ்சின் நின்றது. பன்னிரண்டாவது முறை முட்டியிலிருந்து ஒரு காலை ஊன்றி, அடுத்த காலை ஊன்றி, இடுப்பை நிமிர்த்தி நின்றுவிட்டாள். கரையிலிருந்து நூறு அடி தூரம் போய், திருப்பத் தெரியாமல், சிரித்துக்கொண்டே தண்ணீரில் விழுந்தாள்.

மொத்தச் செலவு, வாங்கிய விலையைச் சேர்க்காமல், 940 டாலர். 650 வழியில் போயிருந்தால் எஞ்சின், தகடு, கப்ளிங், எக்சாஸ்ட் மட்டும் 1,700 டாலரைத் தாண்டியிருக்கும் என்று அந்தப் பழைய காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அடித்தகடும் சல்லடையும் மாற்றுவதை இந்தக் குளிர்காலத்துக்கு வைத்திருக்கிறேன். ஏரி கொஞ்சம் அலை அடித்தால் திருப்பத்தில் இப்போதும் காற்று பிடிக்கிறது. நடுவில் குறுக்குப் பட்டை நீட்டிய சல்லடை போட்டால் தண்ணீரை வாரிக் கொடுக்கும் என்று நினைக்கிறேன். வாங்குவதற்கு முன் இப்போது இருப்பதன் வளைவை அட்டையில் வரைந்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அக்டோபரில் கடைசி ஓட்டம் முடிந்து கராஜுக்குள் ஏற்றிய பிறகு கேஜை மறுபடி மாட்டினோம். இந்த முறை ஸ்டார்ட்டரை அழுத்தியது மகள், முள்ளைப் படித்ததும் அவள்தான். முன்பக்கம் 134. பின்பக்கம் 135. தகட்டுக்குப் பக்கத்தில், மூடியின் உட்புறம், மார்க்கரால் தேதியோடு எழுதி வைத்தாள்.